சிப்பாய் எப்படிப் போகும் என்று அப்பாவுக்குத் தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரைப் பிரித்ததும் உள்ளேயிருந்து வழவழப்பான நோட்டீஸ் ஒன்று மடியில் விழுந்தது. கோட்டு போட்ட சின்னப் பையன் ஒருவன் கன்னத்தில் கை வைத்து செஸ் பலகையைப் பார்க்கிறான். அவனுக்குப் பின்னால் குகேஷ் படம். அவரைக் கேட்டுப் போட்டார்களா என்பது வேறு விஷயம். "மூன்றே மாதத்தில் ஃபிடே ரேட்டிங் உறுதி! கணக்கில் சதம்! ஞாபகசக்தி இரட்டிப்பு! 36 ஆன்லைன் வகுப்புகள் 18,000 ரூபாய் மட்டுமே. முதலில் சேரும் 20 பேருக்குப் பலகை இலவசம்." நோட்டீஸை நீங்கள் அச்சடிப்பதில்லை, பேப்பர் போடும் தம்பிதான் கட்டாக வாங்கிச் செருகுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் பேப்பருக்குள்ளிருந்துதானே விழுந்தது, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் மயிலாடுதுறையில் வீட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறவள். 1986இல் டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஒரே நாளில் வெளியே வந்த சுமார் 78,000 பேரில் நானும் ஒருத்தி. கொரோனா ஓய்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது, இப்போது பன்னிரண்டு பேர். ஒரு வேளைக்கு நான்கு பேருக்கு மேல் உட்கார வைப்பதில்லை. வாரம் இரண்டு நாள், மாதம் 600 ரூபாய். பெரிய ஆட்டக்காரி இல்லை. துறைப் போட்டிகளில் ஆடியிருக்கிறேன், அவ்வளவுதான்.

நான் முதலில் படித்தது என் தாத்தாவிடம், நாட்டு ஆட்டம். அதில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுவதெல்லாம் கிடையாது. அதற்குப் பதில், செக் வாங்காத ராஜாவுக்கு ஒரே ஒரு முறை குதிரைத் தாவல் உண்டு. இந்தப் படிப்போடு எக்ஸ்சேஞ்ச் ரிக்ரியேஷன் கிளப்பில் உட்கார்ந்து, நெருக்கடி வந்ததும் ராஜாவைத் தாவ விட்டேன். எதிரே இருந்த சூப்பர்வைசர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது எந்த ஊர் ரூலும்மா?" என்றார். உலகம் ஆடுகிற ஆட்டத்தை அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நைட் டியூட்டியில் இரண்டு மணிக்கு மேல் போன் கால் குறைந்துவிடும். நாலு மணிக்கு மறுபடி போர்டில் விளக்கு எரிய ஆரம்பிக்கும்வரை ஆடுவோம். ஒரு ரூபாய் கொடுத்து நான் செஸ் படித்ததில்லை. அதற்காகக் காசு கொடுத்துப் படிப்பது தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை, நானே வாங்குகிறேனே.

ரேட்டிங் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையில்தான் பெற்றோர்கள் விழுகிறார்கள். ஃபிடே ரேட்டிங் என்பது, அதாவது உலக செஸ் சம்மேளனத்தின் பட்டியலில் ஆட்டத் திறமையைக் காட்டும் எண், சர்டிபிகேட் மாதிரி யாரும் எழுதிக் கொடுப்பது இல்லை. ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு, அங்கீகாரம் பெற்ற போட்டியில், குறைந்தது ஐந்து ஆட்டமாவது ஆடி, அதில் எடுத்த புள்ளியை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. 2024 மார்ச்சிலிருந்து பட்டியலில் இடம்பெறக் குறைந்தபட்சமே 1400. எதிரே உட்காரப்போவது யார், அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலா, சாப்பிட்டதா, தூங்கியதா என்பது எதுவும் தெரியாமல் ஒருவர் மூன்று மாதத்தில் "உறுதி" என்று எப்படி எழுதுகிறார்? பிரசவத்துக்கு முன்னால் "ஆண் குழந்தை உறுதி" என்று எழுதினால் நாம் விடுவோமா?

கணக்கில் சதம் என்பதற்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் சுமார் 4,000 பிள்ளைகளை வைத்து, பாதிப் பள்ளிகளில் 30 வாரம் செஸ் நடத்தி, ஒரு வருஷம் கழித்து கணக்குப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது: செஸ் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை. என் தங்கை மகன்தான் எனக்கு இதைத் தேடி எடுத்துக் கொடுத்தான். படித்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் செஸ் நல்ல விளையாட்டு என்பதற்கு அது செஸ்ஸாக இருப்பது போதாதா? பரத நாட்டியம் கற்றால் பௌதிகம் வரும் என்று யாரும் சேர்த்து விடுவதில்லை.

ஞாபகசக்தியை விடுங்கள். என் மாணவன் ஒருவன் பன்னிரண்டு நகர்வுவரை திறப்பு ஆட்டம் ஒப்பிப்பான், தண்ணி பாட்டிலை வாரம் தவறாமல் என் வீட்டில் மறந்துவிட்டுப் போவான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். போன மாதம் ஒரு பையனின் அப்பா பைக்கை ஸ்டாண்ட் போடாமலே கேட்டார்: "டீச்சர், இவனுக்கு ரேட்டிங் எப்ப வரும்?"

"வீட்ல நீங்க அவனோட ஆடுறீங்களா சார்?"

"எனக்கு சிப்பாய் எப்படிப் போகும்னே தெரியாது டீச்சர். அதுக்குத்தானே உங்ககிட்ட அனுப்புறேன்."

நல்ல மனிதர், பிள்ளைக்காக உழைக்கிறவர். ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட பிறகு மற்ற பதினோரு வீட்டிலும் விசாரித்தேன். ஒரே ஒரு வீட்டில் பாட்டி ஆடுகிறார். இரண்டு வீட்டில் அண்ணன் தம்பி ஆடிக்கொள்கிறார்கள். மற்ற பிள்ளைகள் பலகையைத் தொடுவது என் தாழ்வாரத்தில் மட்டும்தான். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது, மிச்ச நேரம் எதிரே உட்கார ஆள் இல்லை.

விஸ்வநாதன் ஆனந்த் பிறந்தது எங்கள் ஊரில், 1969 டிசம்பர் 11. மற்றபடி எங்களுக்கு அதில் பெரிய பங்கு ஒன்றும் இல்லை, அவர் வளர்ந்தது சென்னையில். இருந்தாலும் ஊரில் நோட்டீஸ் அடிக்கிறவர்கள் எல்லோரும் இதைப் போடுவார்கள். போடாமல் விடுவது அடுத்த வரி: ஆறு வயதில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மா சுசீலா. அப்பாவுக்கு பிலிப்பைன்ஸில் வேலை என்று மணிலாவுக்குப் போன காலத்தில், அங்கே டி.வி.யில் பகல் நேரத்தில் செஸ் நிகழ்ச்சி வரும். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து ஆட்டங்களையும் அன்றைய புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு புத்தகம். இவர்களே திரும்பத் திரும்ப ஜெயித்ததால், "வேண்டிய புத்தகத்தையெல்லாம் எடுத்துக்கொள், இனிமேல் மட்டும் விடை அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பலமுறை சொன்ன கதை. சென்னையில் அவர் ஆடப் போனது டால் செஸ் கிளப், சோவியத் கலாசார மையத்தில். அங்கே ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் பின்னால் போக வேண்டும். எழுந்திருக்காமல் இருப்பதற்காகவே ஒரு பையன் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பான்! இந்த இரண்டிலும் மாதக் கட்டணம் எங்கே வருகிறது?

குகேஷ் வீட்டில் செலவே இல்லை என்று சொல்லவில்லை. அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், தொழிலைக் குறைத்துக்கொண்டு மகனோடு ஊர் ஊராகப் போனார் என்று பேப்பரிலேயே படித்தோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியில் டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று ஜெயித்த அந்தப் பிள்ளைக்கு, சின்ன வயதில் அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, நல்ல நகர்வை உடனே சொல்லிவிடும் கணினி எஞ்சின் பக்கமே போகவிடவில்லை. நீயே யோசி, தப்பா இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டார். நோட்டீஸில் குகேஷ் படத்துக்குக் கீழேயே "அதிநவீன எஞ்சின் மூலம் பயிற்சி" என்று இருந்தது. சிரித்துவிட்டேன்.

அப்படியானால் தனி வகுப்பில் என்னதான் நடக்க வேண்டும்? என்னைக் கேட்டால், பிள்ளை தோற்ற ஆட்டத்தை எடுத்து வைத்துப் பேச வேண்டும். வேறு பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. பிள்ளைகள் ஸ்கோர் ஷீட்டை வேனிலேயே கசக்கி எறிந்துவிடுவார்கள், தோற்ற ஆட்டம் என்றால் நிச்சயமாக. நான் அதைத்தான் கேட்பேன். ஜெயித்த ஷீட் எனக்கு வேண்டாம்.

புதுப் பிள்ளைக்கு முதல் மாதம் முழுக்க ராணியைக் கண்ணில் காட்ட மாட்டேன். இரண்டு பக்கமும் எட்டு எட்டு சிப்பாய், இரண்டு ராஜா, அவ்வளவுதான் பலகையில். யார் முதலில் கடைசி வரிசைக்குப் போவது என்று சண்டை. அதிலேயே அவசரமும் பொறுமையும் தெரிந்துவிடும். கை பரபரக்கிற பிள்ளையை உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்வேன். எதிராளி ஏன் அதை நகர்த்தினான் என்று வாயால் சொன்ன பிறகுதான் கையை எடுக்கலாம். இதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா, "பக்கத்துத் தெரு பிள்ளைக்கு ரெண்டாவது வகுப்பிலேயே நாலு மூவ்ல மேட் பண்றது சொல்லிக் கொடுத்துட்டாங்களே" என்றார். சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ராணியும் மந்திரியும் சேர்ந்து, எதிரி ராஜாவை ஒட்டி நிற்கிற எஃப்7 சிப்பாயைக் குத்துவது. அதை வைத்து அந்தப் பிள்ளை வகுப்பில் ஐந்து பேரை ஜெயிக்கும். ஆறாவது ஆள் ஒரு குதிரையை முன்னால் வைத்து ராணியைத் துரத்துவான். அப்புறம் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

என்னிடம் மாலை கட்டுகிற வீட்டுப் பெண் ஒருத்தி வருகிறாள், ஒன்பது வயது. அம்மா மாயூரநாதர் கோயில் பக்கம் பூ விற்கிறார். அந்த வீட்டில் கட்டணம் வாங்குவதில்லை, வெள்ளிக்கிழமை இரண்டு முழம் பூ வந்துவிடும். தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. பெற்றோர் உள்ளே போகக் கூடாது, எல்லோரும் பந்தி நடக்கிற கூடத்தில் டிபன் கேரியரோடு காத்திருந்தோம். மூன்றாவது சுற்று முடிந்து வெளியே ஓடி வந்தவள், "டிராம்மா" என்றாள். அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி, குல்பி வாங்கிக் கொடுத்தார். சாயங்காலம் சுவரில் ஒட்டிய தாளில் அவள் பெயருக்கு எதிரே பூஜ்யம். "என்ன டீச்சர், அரை மார்க் போடலையே?" என்று அம்மா என்னைத்தான் கேட்டார். பிள்ளை என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் "விசாரிக்கிறேன்மா" என்று மழுப்பினேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் நான் கேட்காமலே ஷீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இருவரும் பலகையில் வைத்துப் பார்த்தோம். கடைசியில் எதிராளிக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும், இவளுக்கு வெறும் ராஜா. சிப்பாய் முன்னால் வந்து இடித்தபோது இவள் ராஜாவை நேர் பின்னால் ஒரு கட்டம் இறக்கியிருந்தால், எதிரி ராஜா எந்தப் பக்கம் வந்தாலும் எதிரே போய் நின்றுகொள்ளலாம். கடைசியில் ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமல் நகரவும் வழியில்லாத டிரா. இவள் கோணலாகப் பின்வாங்கிவிட்டாள். அம்மாவிடம் சொன்ன டிரா உண்மையிலேயே அந்தப் பலகையில் இருந்திருக்கிறது! அவள் ராஜாவை நேர் பின்னால் வைத்து வைத்து ஏழெட்டுத் தடவை பார்த்தாள். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. இதை 36 வகுப்புத் திட்டத்தில் எத்தனாவது வகுப்பில் போடுவார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

நான் மட்டும் யோக்கியம் என்று எழுதவில்லை. 2022 ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அதன் சின்னமான வேட்டி கட்டிய குதிரைத் தம்பி ஊரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தாரே, அப்போது என் வாசலில் செருப்பு குவிந்தது. நானும் நோட்டீஸ் அடித்தேன், கறுப்பு வெள்ளையில், ஆயிரம் பிரதி. நாற்பது பிள்ளைகள், எட்டுப் பலகை. தாழ்வாரத்தில் இடம் போதாமல் மாடிப்படியில் உட்கார்ந்து ஆடினார்கள். மூன்று மாதத்தில் நல்ல காசு. எந்தப் பிள்ளையின் ஆட்டமும் எனக்கு ஞாபகம் இல்லை. தீபாவளிக்குப் பிறகு முப்பது பேர் நின்றுவிட்டார்கள். நான் தடுக்கவும் இல்லை.

ஆன்லைன் வகுப்பு பற்றியும் சொல்ல வேண்டும், கிராமத்துப் பிள்ளைக்கு அதை விட்டால் நல்ல ஆசிரியர் கிடைப்பது சிரமம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வருஷம் திரையிலேயே படித்த பையன் ஒருவன் முதல் போட்டியில் யானை ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டு தோற்றான். நகர்த்திய பிறகு கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. திரையில் அது தானாக ஓடும் அல்லவா? அவன் பாட்டுக்கு யோசித்து யோசித்து நகர்த்தியிருக்கிறான், அவன் நேரம் கரைந்தே போயிருக்கிறது. எதிரே இருந்தது ஏழு வயது, அது ஏன் வாயைத் திறக்கப்போகிறது! அழுத பையனை அவன் அப்பா அங்கேயே, பஸ் ஸ்டாண்டில் வைத்து, "கட்டின காசு என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார். நான் அந்தப் பையனின் டீச்சர் இல்லை, ஒன்றும் சொல்ல முடியவில்லை. தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. யாராலும் ஜெயிக்க முடியாத இராஜராஜேஸ்வரியை ஈசன் சித்தராக வந்து சதுரங்கத்தில் ஜெயித்து மணந்துகொண்டதாகத் தலபுராணம். போட்டிக்கு முன்னால் பிள்ளைகளை அழைத்துப்போய் அர்ச்சனை செய்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அங்கே தோற்ற அம்மனுக்கும் தனியாகச் சந்நிதி இருக்கிறது என்று போகிற அப்பாக்களிடம் சொல்லி அனுப்புவேன்.

ஆசிரியர் அவர்களே, நோட்டீஸை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை, அது உங்கள் கையில் இல்லை. நான் கேட்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் குறுக்கெழுத்து வருகிறது, சுடோகு வருகிறது. அதன் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு செஸ் புதிர் போடுங்கள். பலகைப் படம் ஒன்று, கீழே ஒரு வரி, அடுத்த வாரம் விடை. லிசெஸ் மாதிரி இலவசத் தளத்திலேயே லட்சக்கணக்கில் புதிர் கிடைக்கிறதே என்று என் தங்கை மகன் கேட்கிறான். கிடைக்கிறது, என் பிள்ளைகளும் போடுகிறார்கள். ஆனால் செல்போன் புதிரைப் பிள்ளை தனியாகப் போடும், தப்பானால் உடனே சிவப்பு காட்டும், விரல் அடுத்ததற்குப் போய்விடும். பேப்பர் புதிர் சாப்பாட்டு மேஜையில் கிடக்கும். அப்பா காப்பி குடித்துக்கொண்டே, "இந்த யானை நேராத்தானே போகும்?" என்று கேட்பார். பிள்ளை சொல்லிக் கொடுக்கும். அந்த வீட்டுக்கு நான் பிறகு போனால் போதும்.

உங்களிடம் செஸ் தெரிந்தவர் இல்லை என்றால் வாரம் ஒன்று நானே அனுப்புகிறேன், சன்மானம் வேண்டாம். மாதிரிக்கு ஒன்று. அமெரிக்காவில் மார்ஃபி என்ற மேதை சின்னப் பையனாக இருந்தபோது அமைத்ததாகச் சொல்வார்கள். வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, மந்திரி பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆட வேண்டும், இரண்டாவது நகர்வில் மேட். மந்திரி பி8இல் நிற்பதை அச்சில் பிழையில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதை விட்டுவிட்டால் புதிரே இல்லை. விடையைத் தனித்தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், அடுத்த ஞாயிறுவரை பிரிக்க வேண்டாம்.

பெயரைப் போட வேண்டாம். பைக்கை ஸ்டாண்ட் போடாமல் பேசிய அந்த அப்பாவும் உங்கள் சந்தாதாரர்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்,
மயிலாடுதுறை.